புறாவுக்கும் ரவுண்டானா தெரியும்

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. காபியோ டீயோ எடுத்துட்டு வந்து உக்காந்துடுங்க. புறா பத்தின பதிவுதான். ஆனா 'மாரி' படத்துல வர்ற மாதிரி பந்தயக் கதை இல்ல. புறா எப்படி வழி கண்டுபிடிச்சு வீட்டுக்கு வருதுன்னு விஞ்ஞானிகள் போட்ட சண்டையோட கதை. அந்தச் சண்டைக்குள்ள நானும் ஒரு தடவ மூக்கை நுழைச்சேன். பெருமையா சொல்லிக்கிற மாதிரி இல்ல.

1996 ஜனவரி. நான் காலேஜ்ல படிச்சிட்டிருந்த நேரம். ராயபுரத்துல எங்க எதிர் வீட்டு மொட்டை மாடியில ஒரு அண்ணன் புறா வளர்த்தார். ஹார்பர்ல வேலை. ஷிஃப்ட் போக மீதி நேரம் பூரா கூண்டுப் பக்கத்துலதான் இருப்பார். எல்லாம் ஹோமர். பந்தயத்துக்குப் பழக்கறதுன்னா முதல்ல மீஞ்சூர், அப்புறம் கும்மிடிப்பூண்டி, அப்புறம் சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர்னு வடக்கால தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் விடுவார். ஒரு நாள் அவருக்கு டியூட்டி மாத்திட்டாங்க. "தம்பி, நீ போய் கூடூர்ல தொறந்துட்டு வந்துடு"ன்னு என்கிட்ட கூடையைக் குடுத்தார். எட்டுப் புறா. எல்லாம் ஏற்கனவே ரெண்டு தடவ கூடூர் பாத்த புறா.

குடுக்கும்போதே சொன்னார்: "டேசனுக்கு வெளிய வெட்டவெளியா பாத்து கூடையை வை. சாக்க எட்த்துடு. பத்து நிமிசம் அதுங்க நாலா பக்கமும் பாக்கட்டும். பனி இர்ந்தா வெயிட் பண்ணு. அப்பால தொற."

பனி இருந்தது. திரும்பி வர்ற ரயிலுக்கு நேரமும் ஆயிடுச்சு. நான் சாக்கைக்கூட முழுசா எடுக்கல. ஓரத்தைத் தூக்கி, கதவைத் தொறந்து, எட்டையும் விட்டுட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ராத்திரிக்குள்ள ஆறு வந்தது. ரெண்டு வரவே இல்ல. அதுல ஒண்ணு அவரோட உசுரு மாதிரியான சாம்பல் கலர் பொட்டை. "சாக்க எட்த்து பாக்க வுட்டியா தம்பி?"ன்னு கேட்டார். "விட்டேண்ணே"ன்னு சொன்னேன்.

அதோட வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். கொஞ்ச நாள்ல பழைய புத்தகக் கடையில 1974ஆம் வருஷத்து 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழ் ஒண்ணு கிடைச்சது. புறா வீடு திரும்பும் மர்மத்தைப் பத்தி வில்லியம் கீட்டன்ங்கிற அமெரிக்கப் பேராசிரியர் எழுதின கட்டுரை. அதைத் தூக்கிட்டு மாடிக்குப் போய், "அண்ணே, புறா வீடு வர்றதுக்குக் கண்ணு தெரியணும்னே இல்லையாம். வெள்ளைக்காரன் சோதனை பண்ணிப் பாத்துட்டான்"னு விளக்கினேன். அவர் பீடியைக் கீழ வச்சிட்டு, "கண்ணு வேணாம்னா ஆண்டவன் இன்னாத்துக்கு அதுக்கு ரெண்டு பக்கமும் ரெண்ட வச்சிக்கிறான்? ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் ரயில் லைனு, பாத்துக்கினேதான் வருது"ன்னார். நான் சிரிச்சேன்.

சரி, இப்ப சரித்திரத்துக்கு வருவோம்.

நம்ம சரித்திரப் படங்கள்ல ராஜா புறா கால்ல ஓலையைக் கட்டி, "போ, பக்கத்து நாட்டு இளவரசியிடம் சேர்ப்பி"ம்பார். அது நடக்காது. புறா அட்ரஸ் பார்த்துப் போற தபால்காரர் இல்ல. அதுக்குத் தெரிஞ்ச ஒரே விலாசம் சொந்தக் கூண்டுதான். இளவரசிக்கு ஓலை போகணும்னா, அவங்க வீட்டுப் புறாவை முன்னாடியே கூடையில தூக்கிட்டு வந்திருக்கணும். 1870-71ல ஜெர்மன் படைகள் பாரிஸைச் சுத்தி வளைச்சப்போ இதேதான் நடந்தது. பாரிஸ் புறாக்களைப் பலூன்ல ஏத்தி வெளியே அனுப்பினாங்க. ரெனே தாக்ரோங்கிற புகைப்படக்காரர் கடிதங்களை நகம் அளவுக்குச் சுருக்கி ஃபிலிம்ல அடிச்சுக் குடுக்க, அதைப் புறா திரும்பக் கொண்டுவந்தது. முந்நூறு புறாக்களுக்கு மேல வெளியிலிருந்து விட்டாங்க. அறுபதுகூட ஊர் சேரல. குளிர்காலம், மூடுபனி, பருந்து.

முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ்காரங்க லண்டன் டபுள் டெக்கர் பஸ்களையே கூண்டாக்கி, போர்முனைக்குப் பின்னாடி நிறுத்தி வச்சாங்க. பஸ் இடம் மாறினா, புறாக்களைப் புது இடத்தைச் சுத்திப் பறக்கவிட்டு, அந்தப் பகுதி பழகினப்புறம்தான் வேலைக்கு அனுப்புவாங்க. அதாவது சுத்துவட்டாரத்தைப் பாக்க விடாம புறாவை நம்பக்கூடாதுன்னு பட்டாளத்துக்காரனுக்கே தெரிஞ்சிருந்தது. அண்ணனுக்கும் தெரிஞ்சிருந்தது. பத்து நிமிஷம் ரயிலுக்கு அவசரப்பட்ட எனக்குத்தான் தெரியல.

அப்போ விஞ்ஞானிகள் ஏன் இதை விட்டுட்டு வேற எங்கேயோ போனாங்க?

காரணம் நியாயமானதுதான். இதுவரைக்கும் பார்க்காத ஊர்ல கொண்டுபோய் விட்டாலும் நல்ல ஹோமர் வீடு திரும்பும். பார்க்காத ஊர்ல எந்த மலையை, எந்த ஆத்தை அடையாளம் வச்சுக்கும்? அதனால நிலக்காட்சிக்கு அப்பால வேற ஏதோ இருக்கணும். 1950கள்ல ஜெர்மனியின் குஸ்டாவ் கிராமர் ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுக் காட்டினார். ஒண்ணு வரைபடம்: 'நான் எங்கே இருக்கேன், வீடு எந்தத் திசை?' ரெண்டாவது திசைகாட்டி: 'அந்தத் திசை எது?' திசைகாட்டி சூரியன்தான்னு நிரூபணம் ஆச்சு. செயற்கை வெளிச்சத்துல வச்சுப் புறாவோட உடல் கடிகாரத்தை ஆறு மணி நேரம் மாத்திவிட்டா, அது ஏறக்குறைய 90 டிகிரி தப்பாப் பறக்கும். வரைபடம் என்னங்கிறதுதான் கடைசி வரைக்கும் சிக்கல். கிராமர் 1959ல இத்தாலியின் கலாப்ரியா பகுதியில காட்டுப் புறாக் குஞ்சுகளை எடுக்கப் பாறையில ஏறும்போது விழுந்து இறந்துட்டார்.

அடுத்து வந்ததுதான் என் தலையில ஏறின அந்தச் சோதனை. 1970களின் தொடக்கத்துல கிளவுஸ் ஷ்மிட்-கோனிக்கும் அவரோட கூட்டாளி ஷ்லிக்டேயும் புறாக்களோட கண்ணுல பனி படிஞ்ச கண்ணாடி மாதிரியான கான்டாக்ட் லென்ஸை மாட்டிவிட்டாங்க. வெளிச்சம் தெரியும், சூரியன் எந்தப் பக்கம்னு தெரியும், ஆனா சில மீட்டருக்கு அப்பால எல்லாம் வெறும் மங்கல். அந்தப் புறாக்கள்ல சில, நூறு கிலோமீட்டருக்கு மேல பறந்து, கூண்டுக்குப் பக்கத்துல வந்து இறங்கிடுச்சு! கேட்டா மயிர்க்கூச்செறியுது இல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனா கவனிங்க. இது நிரூபிச்சது என்ன? நிலக்காட்சி 'இல்லாமலும் முடியும்'ங்கிறதை. நிலக்காட்சியைப் புறா 'பயன்படுத்துறதே இல்ல'ங்கிறதை அல்ல. ராத்திரி கரண்ட் போனா தட்டுத்தடுமாறி பாத்ரூம் போய்ட்டு வந்துடறோம். அதுக்காகப் பகல்ல கண்ணை மூடிட்டா நடக்கறோம்? இந்த வித்தியாசம் எனக்கு மட்டுமில்ல, துறையில பல பேருக்கும் ரொம்ப நாள் மங்கலாவே இருந்தது. கண்ணுக்குத் தெரியற மலை, ஆறு, ரோடெல்லாம் சுவாரசியமில்லாத விஷயமா ஒதுக்கப்பட்டுச்சு. காந்தம், வாசனைன்னு பெரிய பெரிய வாதங்கள் மேடை ஏறின காலம் அது.

அந்த வாதங்களும் மட்டமில்ல. கீட்டன் 1971ல, மேகமூட்டமான நாள்ல புறா முதுகுல சின்ன காந்தத்தை ஒட்டினா திசை குழம்புதுன்னு காட்டினார். ரோட் ஐலண்ட்ல அயர்ன் மைன் ஹில்னு ஒரு இடம். பேரைப் பாத்தாலே தெரியும், இரும்புத் தாது நிறைஞ்ச குன்று. வெயில் நாள்லகூட அங்கே விடப்பட்ட புறாக்கள் கண்டபடி கலைஞ்சதை சார்லஸ் வால்காட் 1978ல எழுதினார். அதாவது நிலத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத முகமும் ஒண்ணு இருக்கு.

அதுல எனக்குப் பிடிச்சது ஜெர்சி ஹில் கதை. கீட்டனோட கூண்டு நியூயார்க் மாநிலம் இதாகாவுல, கார்னெல் பல்கலைக்கழகத்துல. அங்கிருந்து மேற்கே சுமார் 120 கி.மீ. தூரத்துல ஜெர்சி ஹில். கார்னெல் புறாக்களை அந்தக் குன்றுமேல விட்டா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு திசையில பறக்கும். பெரும்பாலானது வீடு திரும்பாது. ஒரு வருஷமில்ல, பல வருஷம் இதே கதை. ஆனா வேற கூண்டுப் புறாக்களை அதே இடத்துல விட்டா ஒழுங்கா அவங்கவங்க வீட்டுக்குப் போயிடும். இதுல வேடிக்கை, 1969 ஆகஸ்ட் 13 அன்னிக்கு மட்டும் கார்னெல் புறாக்களும் ஒழுங்கா வீடு வந்துச்சு. அந்த ஒரு நாள் மட்டும்! கீட்டன் 1980ல காலமாயிட்டார். விடை அவருக்குக் கிடைக்கல.

2013ல ஜோனதன் ஹாக்ஸ்ட்ரம்ங்கிற அமெரிக்கப் புவியியலாளர் ஒரு விடை சொன்னார். புறாவுக்கு நம்ம காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலி கேட்கும். நமக்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒண்ணும் கேட்காது, புறாவுக்கு 0.05 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்கும். கடல் அலைகளோட அதிர்வால நிலமே இந்த மாதிரி ஒலியை எழுப்பிட்டே இருக்கு. ஒவ்வொரு ஊரோட மேடு பள்ளத்துக்கும் ஏத்தபடி அந்த ஒலி மாறும். தன் வீட்டுப் பக்கத்து நிலத்தோட ஒலியைக் கேட்டுத்தான் புறா திசை பிடிக்குதுங்கிறார். கார்னெல் பக்கத்து ஒலி, காத்தும் வெப்பமும் மேட்டு நிலமும் சேர்ந்து வளைக்கிறதால ஜெர்சி ஹில் மேல விழறதில்லையாம். ஒரு ஒலி நிழல். அந்த ஆகஸ்ட் 13 அன்னிக்கு மட்டும் வானிலை மாறி ஒலி அங்கே எட்டியிருக்குன்னு பழைய வானிலைப் பதிவுகளை வச்சுக் கணக்குப் போட்டுக் காட்டினார். எல்லாரும் ஒத்துக்கல. ஆனா அருமையான துப்பறியும் வேலை.

இத்தாலியில பீசா பல்கலைக்கழகத்துல ஃப்ளோரியானோ பாப்பியோட குழு 1970களிலிருந்து வாசனைதான் வரைபடம்னு சொன்னது. மூக்கு நரம்பை அறுத்துட்டா பழக்கமில்லாத இடத்திலிருந்து புறா வீடு திரும்பறதில்ல. இதுல சத்தமில்லாம ஒரு உண்மை ஒளிஞ்சிருந்தது. அதே மூக்கில்லாப் புறாவை ஏற்கனவே பழகின இடத்திலிருந்து விட்டா நல்லாவே வந்துடுது! அப்போ பழகின இடத்துல வேற என்னவோ கை குடுக்குது. அது என்ன?

கூடூர் மறந்துடலையே? பழகின இடம்!

1991ல ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த விக்டோரியா பிரெய்த்வெயிட்டும் டிம் கில்ஃபோர்டும் ஒரு எளிமையான சோதனை செஞ்சாங்க. பழகின இடத்துக்குப் புறாக்களைக் கொண்டுபோய், விடறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பெட்டியில வச்சிருந்தாங்க. சில புறாக்களுக்குச் சுத்துமுத்தும் தெரியற பெட்டி. சிலதுக்கு மூடின பெட்டி. அப்புறம் விட்டாங்க. சுத்துப்புறத்தைப் பாத்த புறாக்கள் வேகமா வீடு சேர்ந்தன. அவ்வளவுதான் சோதனை. லேப் கிடையாது, லென்ஸ் கிடையாது, காந்தம் கிடையாது.

இதை நான் படிச்சது ரொம்ப வருஷம் கழிச்சு, ஆபீஸ்ல உக்காந்து. படிச்சு முடிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டிருந்தேன். 1991. நான் சாக்கை எடுக்காம விட்டது 1996. நான் மாடியில போய் 'வெள்ளைக்காரன் சோதனை'ன்னு அலட்டினப்போ, அண்ணன் சொன்னதை அப்படியே செஞ்சு பாத்த சோதனை வந்து அஞ்சு வருஷம் ஆகியிருந்தது. (ஒரு நேர்மைக்காகச் சொல்லிடறேன்: அந்தச் சோதனையில பார்க்காத புறாக்கள் தாமதமாச்சு, அவ்வளவுதான். என் ரெண்டையும் பைரி அடிச்சிருக்கலாம். பனியில வழி தப்பியிருக்கலாம். ஆனா பனியில விட்டதும் நான்தானே.)

அதுக்கப்புறம் ஜிபிஎஸ் வந்தது. 2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான ஜிபிஎஸ்ல வேணும்னே பிழையைக் கலந்து வச்சிருந்தது. அதனால நூறு மீட்டர் வரைக்கும் இப்படி அப்படி இருக்கும். அதை நிறுத்தினப்புறம்தான் 'புறா ரோட்டுக்கு மேல பறந்ததா, பக்கத்து வயலுக்கு மேல பறந்ததா'ன்னு உறுதியாச் சொல்ல முடிஞ்சது. 2004ல ரெண்டு பெரிய முடிவுகள் வெளிவந்தன.

முதலாவது ரோம். சூரிச் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ்-பீட்டர் லிப் குழு, 50 கி.மீ. வரையிலான 216 பயணங்களைப் பதிவு செஞ்சது. வீட்டுப் பக்கமா ஓடற நெடுஞ்சாலைகளும் ஒரு ரயில் பாதையும் அனுபவமுள்ள புறாக்களை இழுத்தன. ரோடு வீட்டை விட்டு விலகினா சில புறா வெட்டிட்டுப் போயிடும். சிலது பெரிய சந்திப்பு வர்ற வரைக்கும், சுத்து வழின்னாலும், ரோட்டை விடாது. நாம வண்டி ஓட்டற மாதிரியேதான் :-) பழகப் பழக இந்தப் பழக்கம் கூடிச்சே தவிர குறையல. சில இடங்களிலிருந்து விட்டப்போ பாதிக்குப் பாதி பயணங்கள் இப்படித்தான். 2009ல இதே குழுவினர் பறக்கற புறாவோட மூளை அலைகளையே பதிவு பண்ணிப் பாத்தாங்க. வெறும் கடல்மேல பறக்கும்போது ஒரு மாதிரி, நெடுஞ்சாலை மாதிரி அடையாளங்களுக்கு மேல வரும்போது மூளை அலை வேற மாதிரி.

ரெண்டாவது ஆக்ஸ்ஃபோர்ட். டோரா பிரோ, ஜெசிகா மீட், கில்ஃபோர்ட் மூணு பேரும் ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்பப் புறாக்களை விட்டாங்க. ஒவ்வொரு புறாவும் தனக்குன்னு ஒரு வழியை வச்சிருந்தது. நேர்கோடு இல்ல, குறுக்கு வழியும் இல்ல. 'எங்க தாத்தா போன வழி'ன்னு பிடிவாதம் பிடிக்கற ஆள் மாதிரி. வழியிலிருந்து தள்ளி வேற எங்கேயாவது விட்டாலும், முதல்ல தன் பழைய வழியைப் போய்ப் பிடிச்சிட்டு அதுக்கப்புறம்தான் வீடு. சில புறாக்கள் ஆக்ஸ்ஃபோர்ட் பைபாஸைப் பிடிச்சுக்கிட்டே வந்து ரவுண்டானாவுல திரும்பினதா அப்போ பத்திரிகைகள்ல அமர்க்களப்பட்டது.

2014ல அதே குழு இன்னொரு கேள்வி கேட்டது: எந்த மாதிரி நிலம் நல்லா மனசுல பதியுது? ஒரே மாதிரி பச்சையாக் கிடக்கற நிலத்துல பிடிச்சுக்க ஒண்ணுமில்ல. ரொம்ப நெரிசலான ஊர்மேல எதைப் பிடிக்கறதுன்னே தெரியல. வேலி வரிசை, ஊரும் வயலும் சேர்ற ஓரம், அந்த மாதிரி நடுத்தரமான இடங்கள்மேலதான் வழி சீக்கிரம் பதியுதாம். பதிஞ்சா லேசுல போகாது. 2021ல வந்த ஆய்வுப்படி மூணு நாலு வருஷம் கழிச்சும் சில புறாக்கள் பழைய வழியை ஓரளவு ஞாபகம் வச்சிருந்தன.

கூகுள் மேப்ல சாட்டிலைட் காட்சியைப் போட்டு கூடூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் மெதுவா நகர்த்திப் பாருங்க. சுமார் 140 கி.மீ. ரயில் பாதை, அதை ஒட்டி நெடுஞ்சாலை, கிழக்கே பழவேற்காடு ஏரி, பக்கிங்ஹாம் கால்வாய், அதுக்கப்பால கடல். எல்லாமே வடக்கு தெற்கா, வீட்டைப் பாத்து ஓடுது. ரோம்ல புறாக்களை இழுத்தது இந்த மாதிரி வீட்டுப் பக்கம் ஓடற கோடுகள்தான். "ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் ரயில் லைனு."

போன மாசம் அண்ணனைப் போய்ப் பாத்தேன். இப்ப மகளோட மீஞ்சூர்ல இருக்கார். புறாவெல்லாம் விட்டு ரொம்ப வருஷமாச்சு. ரோம் கதை, ரவுண்டானா கதை எல்லாம் சொன்னேன். ரவுண்டானாவுக்குச் சிரிச்சார். ஜெர்சி ஹில்லை ரெண்டு தடவ சொல்லச் சொல்லிக் கேட்டார். "நம்மளுக்கும் அப்டி ஒரு எடம் இர்ந்துச்சு, நாயுடுபேட்டையாண்ட"ன்னார்.

அந்தப் பெட்டிச் சோதனையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல.

"பாக்கற பொட்டி, மூடுன பொட்டி... அஞ்சு நிமிசம்?"

"ஆமாண்ணே."

"நீ அன்னிக்கு சாக்க எட்த்தியா தம்பி?"

"இல்லண்ணே. எடுக்கல."

தலையை ஆட்டினார். உள்ளே திரும்பி, "யம்மா, தம்பிக்கு ஒரு டீ போடு"ன்னு மகள்கிட்ட சொன்னார்.